ஒரு லகரம்

அஞ்செட்டியில் பஸ் ஏறினால்
பெட்டிக்கடையில் டீ குடித்து, வளைவுகளில் வாந்தியெடுத்து
ஒரு மணி நேரத்தில் தேன்கனிக்கோட்டை.
ஆனால் நர்ஸ் முனிரத்னா "டாக்டர்" என்று கூப்பிட்டால்
அந்தச் சொல் கிருஷ்ணகிரிக்கு இறங்கி
வாணியம்பாடி, வாலாஜா எல்லாம் தாண்டி
சென்னையில் ஏதோ ஒரு ஏசி அறையில் நின்று
பெயர் ஊர் சொல்லி, முத்திரை வாங்கி
வந்த வழியே திரும்ப ஓடிவந்து
டாக்டர் நூருல்லாவின் கதவைத் தட்டும்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வித்தை.
வரைபடம் போட்டவருக்கு எல்லா ஊரும் ஒரு புள்ளி.

கண் இமைக்கிற நேரம்தானே, என்றார் மேலாளர்.
ஆமாம் சார்.
ஒரே வாயிலிருந்து கிளம்பினாலும்
சொற்கள் சேர்ந்து வருவதில்லை, சார்.

கார்த்திகையில் ஓர் இரவு.
பிரசவமாகி முக்கால் மணி நேரம்.
ரத்தம் நின்னுதா என்று கேட்டார் நூருல்லா.
முனிரத்னா சொன்னது: "நிக்கல டாக்டர்."
வந்து சேர்ந்தது: "நிக்க    டாக்டர்."
ஒரே ஒரு லகரம்.
கிருஷ்ணகிரியில், என் மேசைக்குக் கீழே
விளக்குகள் பச்சையாய்ச் சிமிட்டும் இந்தப் பெட்டியில்
யாரோ இறக்கிக்கொண்டிருந்த சினிமாவுக்குப் பின்னால்
அது வரிசையில் நின்றது.
நின்று நின்று
இடமில்லாமல் கீழே விழுந்தது.

அவள் மறுபடியும் சொன்னாள். மூன்றாவது முறை கத்தினாள்.
அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.
எனக்குத்தான் அதற்குப் பிறகு தூக்கம் இல்லை.

சுங்கச்சாவடியில் ஆம்புலன்சுக்கு ஒரு தடம் விடுகிறோம்.
மாம்பழ லாரி ஒதுங்குகிறது, முணுமுணுத்தபடி.
அதே மாதிரி
குரலின் நெற்றியில் நாற்பத்தாறு என்று எழுதினேன்:
இதைக் கண்டால் வழிவிடு.
மற்றவற்றின் நெற்றியில் பூஜ்யம்.
முடிந்தவரை பார்க்கிறோம் என்பது
பூஜ்யத்தின் மரியாதைப் பெயர்.
முன்னே போகிறதுக்கும் ஓர் அளவு வைத்தேன், முப்பது சதம்.
இல்லாவிட்டால் பின்னால் நிற்பவை
நின்ற இடத்திலேயே மக்கிப்போகும்.

பிறகு பாதை.
முதல் பாக்கெட் மட்டும் பழையபடி சென்னைக்குப் போகட்டும்.
போய்க் கேட்கட்டும்: தேன்கனிக்கோட்டை எங்கே?
அங்கே இருப்பவன் சிரிப்பான்:
உன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால்தானே,
இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?
முகவரி கிடைத்துவிட்டால்
இரண்டாவது பாக்கெட் மலைக்கு மேலேயே நேராய்ப் போகும்.
அந்தக் குறுக்குவழிக்கு ஆயுள் இருபது நிமிடம்.
பேச்சு நடந்தால் நீளும்,
நடக்காவிட்டால் தானே அழியும்.

ராத்திரி இரண்டே கால்.
சும்மா ஒரு தடவை "நிக்கல" சொல்லும்மா என்றேன்.
சொன்னாள்.
முழுசாய் விழுந்தது காதில்.
அந்த லகரத்தை நாக்கில் வைத்து
நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், தனியறையில்.

விடியற்காலை நாலரைக்கு ராயக்கோட்டையிலிருந்து போன்.
திம்மராயன், தக்காளி மண்டி.
"மேடம், பெங்களூரு ரேட்டு ஆறு நிமிஷம் லேட்டு.
அதுக்குள்ள நாப்பது பெட்டி தள்ளிட்டேன்.
பெட்டிக்கு அறுபது ரூபா போச்சு."
அதே கம்பிதான். பூஜ்யம் எழுதிய கை இதேதான்.
கணக்குப் போட்டேன்: இரண்டாயிரத்து நானூறு.
லகரத்துக்குப் பக்கத்தில் வைத்து
நிறுக்கத் தெரியவில்லை எனக்கு.
முடிந்தவரை பார்க்கிறோம், என்றேன்.
அந்தாள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

ஐந்து நாற்பது. கோட்டைமலைப் பாறை மேல்
வெளிச்சம் சாம்பலாய் ஏறுகிறது.
திரையில்: அஞ்செட்டி – தேன்கனிக்கோட்டை, பாதை இல்லை.
பதற ஒன்றுமில்லை.
இருபது நிமிடமாய் யாரும் கூப்பிடவில்லை.
யாருக்கும் ரத்தம் போகவில்லை,
அல்லது
எங்காவது யானை கம்பத்தைச் சாய்த்திருக்கிறது.

கூப்பிட்டுப் பார்த்தேன்.
முதல் ஹலோ சென்னைக்குப் போய்த்தான் வந்தது.
இரண்டாவது ஹலோவுக்கு
கொட்டாவியோடு முனிரத்னா,
"சொல்லுங்க" என்றாள்.